நெல் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தது?

காவிரிப் படுகையின் வேளாண் வாழ்வை வைத்து வரலாற்றுப் புனைவு எழுதுகிற எழுத்தாளர்களுக்கும், அவர்களுடைய கையெழுத்துப் பிரதிகளைத் தேர்ந்தெடுக்கிற பதிப்பாசிரியர்களுக்கும், போட்டிகளில் அவற்றுக்கு மதிப்பெண் போடுகிற நடுவர்களுக்கும் வணக்கம்.

நான் எழுத்தாளன் அல்லன். கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். வேளாண் விரிவாக்கப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதலில் சைக்கிளிலும் பின்னர் மோட்டார் சைக்கிளிலும் வரப்பு வரப்பாகச் சுற்றி ஓய்வுபெற்று, இப்போது ஒரு வேலிக்கும் (இருபது மா, ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர்) குறைவான நிலத்தில் சொந்தச் சாகுபடி செய்துகொண்டிருப்பவன். வரலாற்றுப் புதினங்களின் மேல் எனக்குள்ள பித்தை அறிந்த நண்பர்கள் சிலர், அச்சுக்குப் போகும் முன் பயிர், பாசனம் தொடர்பான பிழைகளைப் பார்த்துத் தரும்படி பிரதிகளை அனுப்பி வைப்பது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. அப்படி வந்தவற்றில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் படித்துச் சலித்துப்போனதால்தான் இந்த மடலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்தக் காட்சி உங்களுக்கும் தெரிந்ததே. ஊருக்குப் புதிய விதையோடு ஓர் அதிகாரி வருகிறார். மூக்குக் கண்ணாடி அணிந்திருப்பார், பொறுமையாகப் பேசுவார். கோயில் பூசாரியோ சாஸ்திரிகளோ தெய்வக்குற்றம் என்று கூவுவார். அன்றிரவு நாற்றங்காலுக்கு யாரோ தீ வைப்பார்கள். (நாற்றங்காலில் இரண்டு விரல் தண்ணீர் நிற்கும், பச்சை நாற்று எரியாது என்பதை இதுவரை நான்கு பேருக்கு எழுதிவிட்டேன்.) கடைசி அத்தியாயத்தில் களத்தில் நெல் மலையாகக் குவியும், பூசாரி தலைகுனிவார். அண்மைக்காலமாக இதே காட்சி தலைகீழாகவும் வரத் தொடங்கியிருக்கிறது: அதிகாரி அந்நியக் கம்பெனியின் கையாள், பாட்டன் முற்றும் உணர்ந்த ஞானி, அவர் செய்யும் ஒவ்வொரு சடங்குக்குள்ளும் ஒரு விஞ்ஞானம் மறைந்திருந்து கதையின் முடிவில் வெளிப்படும். இரண்டுக்கும் அட்டைப்படத்தைத் தவிர வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இங்கே மோதலே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தது, ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் நடக்கவில்லை. கடவுள் உண்டா இல்லையா என்றோ, மழை வருணன் தருவதா மேகம் தருவதா என்றோ எங்கள் ஊரில் யாரும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுத்த அதே ஆட்கள்தாம் மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வாய்க்கால் தலைப்புக்குப் போனார்கள். சண்டை எல்லாம் நாட்கணக்கில் இருந்தது: எந்த மாதம் விதைப்பது, எந்த மாதம் அறுப்பது, அறுத்ததில் முதல் பிடி யாருக்கு என்பதில் இருந்தது. அதை எழுத வேண்டுமானால் முதலில், தையில் அறுக்கும் நீண்ட வயதுப் பயிரான சம்பா நெல்லின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய சம்பா ரகங்களை ஆடியில் விதைத்தாலும் ஆவணிக் கடைசியில் விதைத்தாலும் அவை பூப்பது ஏறத்தாழ ஒரே சமயத்தில்தான். முந்தி விதைத்தவன் வயலில் பயிர் கூடுதலாகத் தழைத்து நிற்குமே ஒழிய, அந்த அளவுக்கு முந்திக் கதிர் பொதி கட்டிவிடாது. அந்தப் பயிர் தன்னை விதைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பதில்லை. பகலின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறது. தஞ்சைப் பகுதியில் ஆனி மாதத்தின் நீண்ட பகல் ஏறத்தாழப் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மார்கழியின் குறுகிய பகல் பதினொன்றரை மணி நேரம். இந்த ஒன்றேகால் மணி நேர வேறுபாட்டை இலை உணர்கிறது. பகல் ஓர் அளவுக்குக் கீழே குறுகியதும் குருத்துக்குள் கதிர் உருவாகத் தொடங்குகிறது. ஆகவே ஐப்பசி அடைமழை முழுவதையும் பச்சைப் பயிராக வாங்கிக்கொண்டு, மழை ஓயும் கார்த்திகைக் கடைசியில் பூத்து, மார்கழிப் பனியில் பால் பிடித்து, தையில் அறுவடைக்கு நிற்கும். தமிழ் மாதமும் சூரியன் ராசி மாறுவதைக் கொண்டுதான் பிறக்கிறது. பஞ்சாங்கமும் பயிரும் ஒரே சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்ததால், ஆடிப்பெருக்குக்குப் புதுவெள்ளம், தைக்குப் புதிர் (புது நெல்லைச் சாமிக்குப் படைப்பது) என்று விழாவும் வேலையும் ஒன்றோடொன்று கைகோத்து நின்றன. யாரும் எதையும் பொருத்த வேண்டியிருக்கவில்லை.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது" என்று அத்தியாயத்தை முடித்துவிட வேண்டாம். மழையில் முற்றிய கதிர் அழுகியது, மழைக்குப் பின் முற்றியது பிழைத்தது. பிழைத்ததை மறு ஆண்டுக்கு விதையாக வைக்கோல் கோட்டைக்குள் கட்டி வைத்தார்கள். எத்தனையோ தலைமுறை இப்படி நடந்ததில் நெல்லின் குணம் மழைக்காலத்தோடு பொருந்தியது. இது கவனிப்பும் பட்டறிவும் பட்டினியும் சேர்ந்து செய்த வேலை. கவனிப்பு எல்லாமே சரியாகவும் இருந்ததில்லை. மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் நாட்களில் கர்ப்போட்டம் (மேகம் கருக்கொள்ளும் குறி) பார்த்து அடுத்த ஆண்டு மழையைச் சொல்வதில் என் தாத்தாவுக்கு ஊரில் பெயர் உண்டு. பலித்த ஆண்டுகளை அவர் வரிசையாகச் சொல்வார், பலிக்காத ஆண்டுகளை அவருக்கு நினைவிருக்காது. சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிக்கும்போது இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு என்று வாசிப்பார்களே, அதையும் எல்லோரும் பயபக்தியோடு கேட்டுவிட்டு, வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே "போன வருஷமும் இதைத்தான் சொன்னாங்க" என்று முணுமுணுப்பார்கள். நம்பிக்கையும் நையாண்டியும் ஒரே ஆளிடம் ஒரே வேளையில் இருந்தன என்பதை உங்கள் பாத்திரங்கள் காட்டுவதே இல்லை.

இந்த ஒத்திசைவுக்குள் பிளவு எப்படி வந்தது என்பதுதான் கதை.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கப்பட்டது. நீண்ட காலம் அது உள்ளூர் ரகங்களிலிருந்து நல்லதைப் பொறுக்கித் தரும் வேலையைத்தான் பெரும்பாலும் செய்தது. அதனால் யாருடைய சாமிக்கும் குறை வரவில்லை. 1960இல் தஞ்சாவூர் மாவட்டம், நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குள் வந்தது. 'பேக்கேஜ் திட்டம்' என்றுதான் ஊரில் சொல்வார்கள். அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்ற ஏடிடி 27 வயலுக்கு வந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம் ஜிஇபி 24 ரகத்தையும் ஒட்டிப் பிறந்த நெல் அது. ஆகவே 'ஒட்டு நெல்' என்றார்கள். 105 நாட்கள். இந்த நெல் சூரியனைப் பார்ப்பதில்லை. நாளை எண்ணுகிறது. எந்த மாதம் விதைத்தாலும் எண்ணி நூற்றைந்தாம் நாள் முற்றிவிடும்.

குறுவை என்ற குறுகிய வயதுப் பயிர் டெல்டாவுக்குப் புதிதன்று. குறுவை விதையோடு நீண்ட வயதுடைய ஒட்டடையான் விதையைக் கலந்து ஒரே நடவாக நட்டு, குறுவையை முதலில் அறுத்துக்கொண்டு, தாளில் தழைக்கும் ஒட்டடையானைப் பின்னர் அறுக்கும் முறைகூட இருந்தது. ஒரே வயலில் இரண்டு கடிகாரங்களை ஓட விட்டவர்கள் அவர்கள். ஆனால் இருபோக நிலம் அன்றைக்குக் குறைவு. ஏடிடி வந்த பிறகுதான் ஊர் ஊராகக் குறுவையும், அதை அறுத்த வயலில் மறுபடி நடும் தாளடியும் பரவின. ஆனியில் விதைத்தது புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் அறுப்புக்கு வந்தது. எந்த மாதத்தில் கதிர் நிற்கக் கூடாது என்று பழைய நெல் கற்றுக்கொண்டிருந்ததோ, அதே மாதத்தில்.

1966ஆம் ஆண்டுக் குறுவையின்போது எனக்குப் பத்து வயது. தாத்தா ஒரு கோயில் நிலத்தின் குத்தகைதாரர். ஏழு மா நிலத்தில் ஏடிடி நட்டு, ஊரே வந்து பார்க்கும்படி விளைந்திருந்தது. அறுத்துக் கட்டுக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து அடித்து முடித்த அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடவில்லை. நெல்லைக் களத்து நடுவில் குவித்து, வைக்கோலையும் கீற்றையும் மேலே போட்டு மூடியிருந்தார்கள். மூன்றாம் நாள் தாத்தா என் கையைப் பிடித்து அந்தக் குவியலுக்குள் முழங்கை வரை நுழைக்கச் சொன்னார். உள்ளே கொதித்தது. சோற்றுப் பானைக்குள் கைவிட்டது போல இருந்தது. கையை உருவியபோது புளித்த வாடை வீசியது, விரலிடுக்கில் ஒட்டிய நெல்மணிகளில் வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. சில நாழிகை நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு "ஐப்பசியில அறுக்கிறது சாமிக்குப் பொறுக்காதுன்னு சொன்னேன், யாரும் கேக்கல" என்றார்.

உங்கள் பிரதிகளில் இந்த வாக்கியம் வந்தால் அதை மூடநம்பிக்கை என்று குறிப்பீர்கள், அல்லது ஞானம் என்று குறிப்பீர்கள். அது இரண்டுமன்று. ஐப்பசியில் வெயில் இல்லை, களம் காயாது, அறுத்த நெல்லைக் காப்பாற்ற வழியில்லை என்கிற மிகத் துல்லியமான ஆட்சேபணையை, தமக்குத் தெரிந்த ஒரே கனமான சொல்லால் அவர் சொன்னார். விதையைக் கொடுத்த அதிகாரிக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது, பொருள் விழவில்லை. சாமியைப் பற்றிப் பேசுகிறவரிடம் உலர்களத்தைப் பற்றி எதற்குக் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். பின்னாளில் அதே வேலைக்குப் போன நானும் பல முறை அப்படித்தான் நினைத்தேன். அறிவியல் அந்தக் கேள்விக்குப் பின்னர் பதில் தேடியது என்பதையும் சொல்ல வேண்டும். குறுவை ஈர நெல்லைப் பதப்படுத்துவதற்காகவே 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டு, பின்பு தஞ்சாவூரில் நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. விதை முதலில் வந்தது, களம் பிறகு வந்தது. இந்த இடைவெளியில் ஒரு முழுப் புதினத்துக்கு இடமிருக்கிறது. இதுவரை ஒருவரும் அதற்குள் நுழையக் காணோம்.

அந்த ஆண்டு தப்பிய நெல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. புது நெல்லைச் சாமிக்குப் படைக்காமல் எங்கள் வீட்டில் உலையில் போடுவதில்லை. ஐப்பசியில் புதிர் எடுக்க நாளும் இல்லை, முறையும் இல்லை. பாட்டி ஒரு மரக்கால் நெல்லை முற்றத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "இது வயித்துக்கு ஆகும், சாமிக்கு ஆகாது." அதாவது குறுவை நெல்லைத் தின்னலாம், ஆனால் புது நெல் என்ற பெயர் அதற்குக் கிடையாது; அந்தப் பெயர் தைக்கு வரும் சம்பாவுக்கே. பெரிய மடாலயங்களில் ஆகமம் கற்றவர்கள்கூட இவ்வளவு நேர்த்தியாக ஒரு சிக்கலை அவிழ்த்திருப்பார்களா என்பது ஐயம். கொல்லைப்புறத்தில் களத்துக் கூலிக்காக நின்றுகொண்டிருந்த பெண்ணொருத்தி அதைக் கேட்டுவிட்டு, "சாமிக்குத் தையில குடுங்க ஆச்சி, எங்களுக்கு இப்பவே குடுத்துடுங்க" என்றாள். பாட்டி சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு விளங்க இருபது ஆண்டுகள் ஆயின.

சம்பா ஒருபோகம் மட்டும் இருந்த ஊர்களில் நடவு முடிந்து களையும் எடுத்த பிறகு தை வரைக்கும் கூலி நெல் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களும் சேரியில் அடுப்பு பாதி நாள் எரியாத மாதங்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது பாடுவதற்கு இனிமையான பழமொழி. தைக்கு முன்பு வழி இல்லை என்று அதைத் திருப்பிச் சொன்னால்தான் அதன் முழுப் பொருள் வரும். அந்தப் பெண்ணுக்கு ஐப்பசி அறுவடை எந்தத் தெய்வத்துக்கும் குற்றமாகத் தெரியவில்லை. அது பானைக்குள் விழுந்த அரிசி. சமயத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த வழக்கில் இப்படியொரு மூன்றாவது தரப்பு களத்தோரத்தில் நின்றுகொண்டிருந்தது, அதற்குத் தனிப் பஞ்சாங்கம் இருந்தது, அந்தப் பஞ்சாங்கம் பசியால் ஆனது என்பதைப் பேசாத டெல்டாப் புனைவை நான் இனிமேல் திருத்தித் தருவதாக இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏடிடி விதையைத் தேர்வதற்கு உப்புக் கரைசல் முறையைக் காட்ட வந்தார்கள். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். கரைசலில் கோழிமுட்டையைப் போட்டால் அது மிதந்து நாலணாக் காசு அளவுக்கு மேலே தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், திடமான மணி அடியில் தங்கும். எளிய, செலவில்லாத, மிக அழகான சோதனை. ஆனால் எங்கள் வீட்டில் முட்டை புழங்காது. நாளை லட்சுமியாக விளையப்போகிற விதைத் தண்ணீரில் முட்டையைப் போடுவதா என்று தாத்தா மறுத்துவிட்டார். அரை நாள் வாதம் நடந்தது. முடிவில் அண்டாவைக் கொல்லைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பண்ணையாளின் வீட்டிலிருந்து முட்டை வந்தது. அவர் மனைவியே அதைக் கரைசலில் விட்டு, பதம் பார்த்து, எடுத்து மடியில் முடிந்துகொண்டு போனார். அதிகாரிக்கு அறிவியல் நிறைவேறியது, தாத்தாவுக்கு ஆசாரம் கெடவில்லை. விதையின் பதத்தைத் தன் கையால் உறுதிசெய்த அந்த அம்மாள், விளைந்த நெல்லை வைத்திருந்த குதிருக்குப் பக்கத்தில் வர முடியாது. இந்த மூன்றும் ஒரே பகலில் நடந்தன.

கோயில் நுழைவுச் சட்டம் 1947இலேயே வந்திருந்தது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. குறுவை பெருகி அறுவடை இரட்டித்த அதே ஆண்டுகளில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டமும் வலுத்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து இறந்தார்கள். அறுபதுகளின் டெல்டாவை எழுதுகிறேன் என்று சொல்லி, அதில் பூசாரிக்கும் விஞ்ஞானிக்கும் மட்டும் வசனம் எழுதுவது நாணயமான வேலையாக எனக்குப் படவில்லை.

கோயில் நிலம் என்றேன் அல்லவா, அதைப் பற்றியும் கொஞ்சம். டெல்டாவின் நன்செய்யில் கணிசமான பங்கு கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் உரியதாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆகவே இங்கே சமயம் என்பது பூசாரியின் உடுக்கையில் மட்டுமல்லாமல் குத்தகைச் சீட்டிலும் இருந்தது. எங்கள் நிலத்துக்கு உரிய கோயிலின் காரியஸ்தர், ஒட்டு நெல் நைவேத்தியத்துக்கு ஆகாது என்று சொல்லிக் குத்தகையைச் சம்பாவாகவே அளக்கச் சொன்னார். சொன்னது ஆசாரம், சந்தையில் சம்பாவுக்கு விலை அதிகம் என்பது அவருக்கும் தெரியும், தாத்தாவுக்கும் தெரியும். இரண்டாவது ஆண்டு குறுவையிலும் ஒரு பங்கு கேட்டபோது அந்த நெல்லின் தீட்டு எப்படிக் கழிந்தது என்று தாத்தா கேட்டதாகவும், காரியஸ்தர் வெற்றிலை போடுவதற்காக வாயைத் திறந்ததோடு சரி என்றும் வீட்டில் பல முறை சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

சோழர் காலத்தை எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுவதால், பருவத்தோடு ஒப்பிட அவை ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தாமதமாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கின்றன. இன்று தை பிறக்கும்போது ஆண்டின் மிகக் குறுகிய பகல் கழிந்து 24 நாட்கள் ஆகியிருக்கும். பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்த 1010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்து நாட்களே ஆகியிருக்கும். பகலை அளக்கிற நெல்லோ பழைய இடத்திலேயே நிற்கிறது. ஆகவே இன்று தை முதல் நாளில் முற்றுகிற கதிர் அன்றைக்குத் தை நடுவில்தான் முற்றியிருக்கும். உங்கள் சோழ நாயகி தை முதல் நாள் விளைந்த வயல்வரப்பில் நடந்துபோனால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் பஞ்சாங்கமும் பயிரும் என்றென்றைக்குமாகக் கைகோத்திருக்கின்றன என்று எழுதுவதற்கு முன் இந்தப் பதினான்கு நாட்களை எண்ணிப் பாருங்கள். மேலே நான் எழுதிய கைகோத்தலும் அந்த அளவுக்கு மெல்ல நழுவுகிற ஒன்றுதான்.

சமயத்துக்குள்ளேயே நடக்கும் கணக்கு வழக்கு இதைவிடச் சுவையானது. வாக்கியப் பஞ்சாங்கம், 248 சந்திர வாக்கியங்கள் முதலான பழைய மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு கணிப்பது; திருக்கணிதம், புதிய வானியல் அளவுகளைச் சேர்த்துத் திருத்துவது. 2023இல் திருக்கணிதப்படி ஜனவரி 17ஆம் தேதியே சனி கும்பத்துக்குப் போய்விட்டார். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அவர் டிசம்பர் 20ஆம் தேதிதான் பெயர்ந்தார். பதினொரு மாத வேறுபாடு. இருசாராரும் பக்தர்கள்தாம், இருசாராரும் கணக்குப் போடுகிறவர்கள்தாம். தொலைநோக்கியை வைத்து ஒரு பக்கமும் வேதத்தை வைத்து மறுபக்கமும் நிற்பதாக எழுதிவிட்டால் இந்த மாதிரியான வழக்குக்கு உங்கள் கதையில் இடமே இருக்காது.

மேட்டூர் அணையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் நடக்கிற கதையில் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12ஐக் கொண்டுவராதீர்கள், அன்றைக்குக் குடகில் பெய்தால் ஆற்றில் வரும், அவ்வளவுதான். அணையின் நீர் இறங்கும் கோடையில் பண்ணவாடியில் ஒரு நந்தியும் ஒரு கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். பொறியியல் இருவரையும் பாகுபாடின்றி மூழ்கடித்தது. அதன் பிறகு வண்டல் அணையில் தங்கிவிட்டது, கடைமடைக்குத் தெளிந்த தண்ணீர் வந்தது, 'உப்பு' என்று ஊரார் அழைத்த சீமை உரம் அந்த இடத்தை நிரப்பியது. ஆனால் அறிவியல் வென்று சமயம் தோற்றதாகவும் கொள்ள முடியவில்லை. அணையைத் திறக்கும்போது அமைச்சர்கள் மதகில் மலர் தூவுகிறார்கள். கல்லணையில் பூசை போட்டு நெல்லும் பூவும் ஆற்றில் விடுகிறார்கள். ஜூன் 12 அணை திறப்பால் வந்த தேதி, இன்று அது எங்களுக்கு ஒரு திருநாள். ஆடிப்பெருக்குக்கென்றே மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட ஆண்டுகளும் உண்டு. ஆறு வறண்ட ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயடியில் காதோலை கருகமணி வைத்துப் படைத்துவிட்டு வந்த பெண்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் வெள்ளம் வந்ததால் விழா வந்தது. இப்போது விழா வருவதால் வெள்ளத்தை அனுப்பச் சொல்லிக் கோரிக்கை மனு போகிறது.

பதிப்பாசிரியர்களிடமும் நடுவர்களிடமும் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. டெல்டாவைப் பற்றிய ஒரு பிரதி கைக்கு வந்தால், அறிவியலுக்கும் சமயத்துக்கும் மோதல் நடக்கும் அத்தியாயத்தைப் பிரித்து, அது எந்தத் தமிழ் மாதம், வயலில் நிற்பது எந்த ரகம், அதற்கு எத்தனை நாள் வயது, நிலம் யார் பெயரில் இருக்கிறது, அன்றைக்குக் கூலி வாங்கக் களத்தில் யார் நிற்கிறார்கள் என்று எழுதியவரிடம் கேளுங்கள். விடை இருந்தால் பூசாரி வில்லனா ஞானியா என்பதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியிருக்காது. அவரும் தம்முடைய இரண்டு மா நிலத்தில் நாற்று விட்டிருப்பவராக, மேகத்தைப் பார்த்து எல்லோரையும் போலப் பயப்படுகிறவராகத் தாமே மாறிவிடுவார்.

எழுத்தாளர்களுக்கு: பிரதி அனுப்ப விரும்புகிறவர்கள் தயவுசெய்து தை பிறந்த பின் அனுப்புங்கள். இவ்வாண்டும் குறுவைதான் போட்டிருக்கிறேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், ஒவ்வோர் ஆண்டும் தளர்வு கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஐப்பசி முழுவதும் நான் தார்ச்சாலை ஓரத்தில் நெல்லைப் பரப்பிவிட்டு, வானத்தையும் தார்ப்பாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அப்போது படிக்க நேரம் இருக்காது.

இப்படிக்கு,
கும்பகோணம் பக்கத்து விவசாயி ஒருவன்
(ஓய்வுபெற்ற வேளாண் விரிவாக்கப் பணியாளன்)